பணிவின் வாயில்

பெத்லகேமில் இயேசு பிறந்ததாகப் போற்றப்படும் குகைமீது அமைந்த ஆலயம், 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசன் காலத்தில் மீண்டும் கட்டப்பட்டது. அதன் வாயில் ஏறத்தாழ 4 அடி உயரமே. குதிரையேறி வருவோர் உட்புகாதிருக்கக் குறுக்கப்பட்டது என்பர். எவராயினும் குனிந்தே நுழைய வேண்டியிருத்தலால் ‘பணிவின் வாயில்’ எனப் பெயர் பெற்றது.

கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்து அங்கே யாத்திரை செல்லும் தமிழருக்குக் குனிதல் புதிதன்று. அவர்தம் முன்னோர் பால்மரத்தடியில் குனிந்தனர். துரைமுன்னும் கிராணிமுன்னும் குனிந்தனர். அது வயிற்றுக்கான குனிவு. துரை நிமிர்ந்தே நின்றான். இவ்வாயிலிலோ துரையும் குனிகிறான். உள்ளே, 14 முனை வெள்ளி விண்மீன் பதித்த குகைத்தரையில் அனைவரும் மண்டியிடுகின்றனர்.

எல்லாரும் குனியுமிடத்தில் எவரும் தாழ்ந்தவரல்லர். ஊர் திரும்பியபின், தம்கீழ் உழைப்போரிடத்தும் அப்பணிவு நிலைக்குமாயின் யாத்திரை நிறைவுறும்.