பெரியம்மா கொடுக்காத பெயர்

மன்னார் செல்லும் பேருந்து உயிலங்குளத்துச் சந்தியில் என்னை இறக்கிவிட்டபோது காலை எட்டு மணியிருக்கும். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின், இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து புலிகளின் பகுதிக்குக் கடக்கும் வழிகளுள் இதுவும் ஒன்றாயிருந்தது. மூட்டைகளை அவிழ்த்துக் காட்டி நின்ற சனங்களின் வரிசையை இன்று இவ்வயல்வெளியில் கற்பனை செய்வதும் கடினம். சந்திக்கு அப்பால் என் பெரியம்மாவின் வளவு.

அவருடைய இளைய மகனை, வன்னியில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், 2008இல் இயக்கத்தினர் போருக்குக் கொண்டு சென்றனர். 2009 மே மாதத்தின் பின் அவனைக் கண்டவர் எவருமிலர். படலை ஓசைப்பட்டால் பெரியம்மா இன்றும் எழுந்து பார்ப்பார். இராச் சோற்றில் ஒரு பிடியைப் பானையில் விட்டுவைப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் 2ஆம் நாள் மரித்தோர் பூசைக்குப் பெயர் கொடுக்கும் வேளையில், "தம்பியின் பெயரையும் கொடுப்போமே, பெரியம்மா" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீ அவனைச் சாகடிக்கவோ வந்தனீ?" என்று கேட்டவர், பிறகு ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. ஆறுதல் சொல்வதாகவே நான் எண்ணியிருந்தேன்.

எனக்குப் புரியாதிருந்ததை அமெரிக்க அறிஞர் போலீன் பொஸ் 1970களிலேயே ஆராய்ந்திருக்கிறார். வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரரின் மனைவியரோடு பழகிய அவர், உடலும் செய்தியும் கிட்டாத துயருக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டார். துயரை முடித்துவிடும்படி இவர்களை நெருக்கலாகாது. நம்பிக்கையும் ஐயமும் ஒருங்கே இருக்க, வாழ்வதற்குத் துணை நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. நான் செய்ததோ நேர்மாறு.

இத்துயர் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் உரியதன்று. காணாமற்போனோர் பட்டியல்களில் அரச படையினரும் ஆயிரக்கணக்கில் உளர். சிங்களக் கிராமமொன்றிலும் ஒரு தாய் படலையைப் பார்த்திருப்பாள். ஆயினும் படையினரின் குடும்ப நலனுக்கென 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் இரணவிரு சேவா அதிகாரசபை அமைந்தது. எங்கள் பக்கத்துத் தாய்க்கு அப்படியொரு வாயில் இல்லை. போர் முடிந்த முதற் சில ஆண்டுகளில் வடக்கிலே வீடு கட்டித்தரத் தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. மனத்தைத் தேற்றும் பணிக்குக் கிடைப்பது அரிதாயிருந்தது! 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெற வழி செய்தது. மகனை இறந்தவனாக்காத அந்தத் தாளைப் பெரியம்மா பெற்று, பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

இப்போது பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் உளர். 1926 என்னும் இலக்கத்துக்கு எவரும் தொலைபேசியில் பேசலாம். ஆனால் போய்வர ஒரு நாட்கூலி போகும். "பைத்தியத்துக்கு மருந்து எடுக்கப் போகிறாள்" என்று அயல் சொல்லும். கேள்வி கேட்பவர் யாருக்கு எழுதிக் கொடுப்பாரோ என்ற அச்சமும் உண்டு. இவ்வூரார் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்கள்.

சென்ற ஆண்டு ஓர் உளவளத்துணையாளர், இளம்பெண், வீடு தேடி வந்தாளாம். தாளும் பேனையும் எடுக்கவில்லை. முருங்கைக்காய் நறுக்கிக் கொடுத்தாளாம். மூன்றாம் முறை வந்தபோது பெரியம்மாவே அவனுடைய பள்ளிக்கூடப் படத்தை எடுத்துக் காட்டினாராம். தம்மைப் போன்ற தாய்மார் கூடுமிடத்துக்கு இரண்டு தடவை போயும் வந்திருக்கிறார்.

அன்று பூசைப் பெயரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. விடைபெறும்போது பெரியம்மா படலைவரை வந்தார்.

"தம்பி, வாற புதன்கிழமை எங்கட கூட்டம். காலமை முதல் பஸ் எத்தனை மணிக்கு எண்டு சந்தியில கேட்டுச் சொல்லிப்போட்டுப் போ" என்றார்.