ஊதாத் துணிக்குள் ஏழு வாள்

கோவில்பட்டி,
பங்குனிக் கடைசி.

அன்புள்ள மாப்ளே,

நலம். வெயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் அதோடு முடிந்துபோகும், விட்டுவிடுகிறேன். உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்தாயிற்று. காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. முழங்கை நீளக் குச்சி ஒன்றை ஒரு வெடிப்பில் விட்டுப் பார்த்தேன், முழுசாக உள்ளே போய்விட்டது.

சிலுவையில் தொங்கும் இயேசுவை வரையச் சொல்லி வேலை வந்திருக்கிறது, பார்த்த படமெல்லாம் காலண்டர் படமாகவே இருக்கிறது, உங்கள் பக்கத்துக் கோயில்களில் அந்த வலி எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது என்றாயே. பார்க்கத்தான் கிளம்பினேன். போன இடத்தில் எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கிறார்கள்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு வந்தால் சிலுவைக்கும் சுரூபங்களுக்கும் ஊதாத் துணி போர்த்துவது கத்தோலிக்கர்களின் பழைய வழக்கம். சிலுவை பெரிய வெள்ளிக்கிழமை திறக்கும், மற்றவை பாஸ்கா இரவில்தான். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்த சேதி. காமநாயக்கன்பட்டி ரோட்டில் இறங்கி, ஒரு சின்னக் கோயிலுக்குள் தலையை நீட்டினால் ஐந்தாறு ஊதா மூட்டைகள் நிற்கின்றன. எது அந்தோணியார், எது சூசையப்பர் என்று ஒன்றும் புரியவில்லை. கூட்டிக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழம வாங்கய்யா, தொறந்திரும். இப்ப என்னத்தப் பாக்க?"

சொல்லிவிட்டு அவரே விளக்குமாற்றால் ஓரத்து மூட்டையைக் காட்டினார். "அது வியாகுல மாதா. நெஞ்சுல ஏழு வாளு. எத்தன சுத்துச் சுத்தினாலும் துருத்திக்கிட்டுத்தான் நிக்கி."

நிஜம்தான் மாப்ளே. முகம் இல்லை, கை இல்லை. ஊதாத் துணியின் நடுவில், மார்பு இருக்கவேண்டிய இடத்தில், கூர்கூராக மேடு. ஒரு இடத்தில் துணி நைந்து பித்தளைப் பிடி கொஞ்சம் வெளியே தெரிந்தது. திறந்திருந்தால் நான் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுவந்த தாயிடம் சிமியோன் என்கிற பெரியவர், உன் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்று சொன்னதாக லூக்கா எழுதுகிறார். அவர் சொன்னது ஒரு வாள். அழுதவர்கள் அதை ஏழாக்கிக்கொண்டார்கள், மாதாவின் துயரங்கள் ஏழு என்று கணக்கு வைத்து.

சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் பெண்கள் கூடினார்கள். பதினான்கு நிலை. ஒவ்வொன்றுக்கும் முழங்கால் போட்டு எழுந்து நடக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதைத்தான் பாடினார்கள். ஆனால் தாயும் மகனும் வழியில் சந்திக்கிற நான்காம் நிலை வந்ததும் ராகம் தானாக இழுபட ஆரம்பித்தது. நம் தெருவில் சாவு விழுந்தால் கேட்கிற அதே இழுவை. பாட்டு சாமி பாட்டு, தொண்டை ஒப்பாரித் தொண்டை. எந்தக் குருவானவரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

இந்த ஒப்பாரியின் ருசி தெரிந்த ஒரு வெள்ளைக்காரர் இதே வட்டாரத்தில் இருந்தார். 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் கோவாவில் வந்திறங்கிய பெஸ்கி பாதிரியார், நம் வீரமாமுனிவர். காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயில் அவர் ஊழியம் செய்த இடங்களில் ஒன்று. ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு நீயும் நானும் பலூன் வாங்கப் போவோமே, அந்தக் கோயில்தான். அவருடைய தேம்பாவணியை மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோம். காப்பியத் தலைவன் யார் என்று யோசித்தோமா? வளன், அதாவது சூசையப்பர். மகன் சிலுவைக்குப் போகுமுன்பே கண்ணை மூடிவிட்ட தச்சர். சிலுவையைப் பார்க்காத ஒரு மனிதரை நடுவில் நிறுத்திக் கிறிஸ்தவக் காப்பியம் பாட ஒரு தைரியம் வேண்டும்.

இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் எதைப் படிக்கிறார்கள் தெரியுமா? திருமுழுக்கு யோவான் தன் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டு அழுகிற இடம். யோவானுக்குக் கருணையன் என்று பெயர் வைத்திருக்கிறார் முனிவர். காட்டில் ஒற்றையாய் நின்று பிள்ளை அழுகிறான், மரமும் பறவையும் கூடச் சேர்ந்து அழுகின்றன. மாதாவின் அழுகைக்கென்றே தனியாக அன்னை அழுங்கல் அந்தாதி என்றும் ஒரு நூல் செய்தார். அந்தாதி என்றால் ஒரு பாட்டு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும். ஒப்பாரி வைக்கிறவர்களும் அப்படித்தான், ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்துக்கொள்வாள். முனிவர் இதைக் கவனித்துத்தான் எழுதினார் என்று நான் சாதிக்கவில்லை. எனக்கு அப்படித் தோன்றுகிறது.

மறுநாள் கழுகுமலைச் சமணச் சிற்பங்கள். உனக்குத் தெரிந்த இடம்தான், ஆனாலும் வலி எப்படி இருக்கிறது என்ற உன் கேள்வியோடு ஏறினால் வேறு மலையாகத் தெரிகிறது. பார்சுவநாதர் தலைக்கு மேலே அவர் பகைவன் கமடன் பாறையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கீழே இவர் உதட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பாகுபலியின் மேல் கொடி படர்ந்து ஏறுகிறது, அதற்கும் அசையவில்லை. சமணர் செதுக்கியது துன்பத்தைத் தாண்டிவிட்ட உடம்பை. சிலுவையில் தொங்குவது தாண்டாத உடம்பு, ரத்தம் வடிகிற உடம்பு. ஒரே நாளில் இரண்டையும் நினைத்தால் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்கிறது. வெயிலாகவும் இருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே நம் திருநெல்வேலிக்காரர் ஒருவர் நிற்கிறார்: வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1894-இல் வந்த இரட்சணிய யாத்திரிகத்தில் இயேசுவைக் கயிற்றால் கட்டி இழுக்கிறார்கள், அவர் பேசாமல் நிற்கிறார். கயிறு பலமானதால் நிற்கவில்லை, மனிதர்மேல் வைத்த அன்பு கட்டிப்போட்டதால் நிற்கிறார் என்கிறார் பிள்ளை. வரையவேண்டியது கயிற்றை அல்ல என்று உனக்கு ஒரு குறிப்பு.

நீ அனுப்பிய, ஓவியர் குருனேவால்டின் ஈசன்ஹைம் சிலுவைப் படத்தை ராத்திரி லாட்ஜில் மறுபடி பார்த்தேன். 1512-க்கும் 1516-க்கும் இடையில் ஒரு மடத்து ஆஸ்பத்திரிக்காக வரைந்தது. அங்கே கிடந்தவர்கள் பலர் கெட்டுப்போன ரை தானிய மாவைத் தின்று கைகால் எரிந்து அழுகிப்போனவர்கள். கதிரில் பிடிக்கிற ஒரு காளான் அதற்குக் காரணம். நம் கம்புக் கதிரில் பிசுபிசுவென்று வடியுமே, தேன் ஒழுகல் நோய், அதன் சொந்தக்காரக் காளான்தான். நம் ஊரில் உப்புத் தண்ணீரில் விதையைப் போட்டு மிதக்கிற கருப்புக் காளான் கட்டிகளை வழித்து எறிவார்கள். குருனேவால்டு அந்த நோயாளிகளின் புண்ணை ஒத்த புண்களையே சிலுவையில் தொங்குகிறவர் உடம்பெங்கும் போட்டார். பாயில் கிடந்தவன் நிமிர்ந்து பார்த்தால் அவன் புண் அங்கே இருக்கும். புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிவந்து நாள்கணக்கில் தங்கியிருக்கிறார்களே, அவர்களும் அங்கே எதையோ நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதை வரைய எனக்குத் தெரியாது.

முள்முடியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தச் சின்னக் கோயில் வாசலில் வேம்படியில் ஒருவர் உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்தார், வெள்ளிக்கிழமை இயேசுவாக நடிக்கிற பையனுக்கு. சீமைக்கருவேல முள் குத்தினால் சீழ் வைத்துவிடும், அதனால் வேண்டாமாம். உடைமுள்தான் நீளம், வெள்ளை, கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் கண்ணில் படும். வளையத்தின் உள்பக்கம் பழைய பனியனைச் சுற்றி, உள்ளே திரும்பிய முள்ளை எல்லாம் நகவெட்டியால் ஒவ்வொன்றாக நறுக்கினார். ரத்தத்துக்குக் குங்குமக் கரைசல். எல்லாம் முடிந்து தன் தலையில் வைத்துப் பார்த்தார், ஒரு முள் தப்பியிருந்திருக்கிறது. "இருந்துட்டுப் போகட்டும்," என்று கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். முடிந்தால் வியாழன் ராத்திரி பஸ் பிடித்து நீயும் வா, சிலுவைத் துணியை விலக்கும்போது பக்கத்தில் நிற்கலாம். வியாகுல மாதாவை அன்றைக்கும் மூடியேதான் வைத்திருப்பார்கள். அவளை அப்படியே வரைந்துகொள். கடலைமிட்டாய் ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்; நீ வரத் தாமதமானால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
உன் மாப்ளே