விசுக்கோத்துப் பேணிப் படை

மலராசிரியர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபோது, கல்லூரியின் பழம்பெருமைகளைப் பற்றியோ எமக்குக் கற்பித்த பெருந்தகைகளைப் பற்றியோ எழுதுவோம் என்று எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எழுதத் தக்கார் எம்மினும் மூத்தோர் பலர் உளர். யாம் எழுதப் புகுவது, விடுதியிலே படிப்பு நேரத்தில் ஒருமுறை எம்மிடமிருந்து பறிக்கப்பட்டுத் தவணை முடிவில் புன்னகையோடு திருப்பித் தரப்பட்ட ஒரு விசுக்கோத்துப் பேணியைப் பற்றி. அப்பேணி இன்றும் எம்மிடம் உண்டு. உள்ளே இருப்போர் நூற்றுப் பதினொருவர்.

1962ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவிலே எம் அம்மான் எமது கையில் வைத்த 25 சதமே இதற்கெல்லாம் வித்து. வீதியோரத்துக் கடையொன்றில் சாக்கை விரித்து, அதன்மேல் பச்சையும் மண்ணிறமுமான சிறு பிளாஸ்ரிக் போர்வீரரைக் குவியலாகக் கொட்டி வைத்திருந்தனர். ஒன்று 5 சதம். ஐவரைத் தெரிந்தெடுக்க எமக்கு அரைமணி நேரம் பிடித்தது. அம்மான் பொறுமையோடு கச்சான் கொறித்துக்கொண்டு நின்றார். பனங்காய் வண்டிலும் ஓலைக் காற்றாடியும் செய்து பழகிய கைகள் எம்முடையவை. எமது வண்டிலின் குற்றங்குறைகள் யாவும் எமக்குத் தெரியும், ஏனெனில் அவற்றைச் செய்தவர் யாமே. இவ்வீரனைச் செய்தவர் யார்? அடிப்பீடத்தைப் புரட்டிப் பார்த்தோம். ஆங்கில எழுத்திலே ‘ஹொங்கொங்’ என்ற ஒரு சொல் மாத்திரம் இருந்தது. கொம்பனியின் பெயரில்லை, முத்திரையில்லை. அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்றும் முற்றுப்பெறவில்லை.

பேர்பெற்ற பொம்மைகளுக்கு வரலாறு உண்டு. இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பாரின் குடும்பத்தார் 1893இல் உள்ளீடற்ற ஈய வீரரை வார்க்கத் தொடங்கினர். அத்தகைய வீரரை வைத்து ஆடும் முறைகளை வகுத்து எச். ஜி. வெல்ஸ் 1913இல் ஒரு நூலே எழுதினார். உண்மைப் போரினும் இச்சிறு போர் எத்துணையோ மேலானது என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே ஐரோப்பா போரில் இறங்கியது. 1933இல் இங்கிலாந்தின் ஆய்வுகூடமொன்றிலே தற்செயலாகப் பிறந்த பொலியெதிலீன், பின்னாளில் ஈயத்தின் இடத்தைப் பிடித்தது. ஏயர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கிலக் கொம்பனி 1959இல் விரலளவினரான சிறு வீரரைப் பெட்டி பெட்டியாக வெளியிட்டது. இவற்றையெல்லாம் சேகரிப்போர் மேனாட்டில் ஏராளம். அவர்களுக்குப் பட்டியல்களும் உண்டு, விலைகளும் உண்டு. பெயரற்ற எம் படையினரோ அப்பட்டியல்களின் வாயிலிலேயே நின்றுவிடுவர்.

ஆயினும் கூர்ந்து நோக்குவார்க்கு அவர்கள் தம் பிறப்பைத் தாமே கூறுவர். உருகிய பிளாஸ்ரிக்கை இரண்டு பாதிகளாலான உருக்கு அச்சினுள் அழுத்திச் செலுத்தி, ஆறியபின் திறந்து எடுப்பது இத்தொழிலின் முறை. பாதிகள் கூடுமிடத்திலே தலைச்சீராவிலிருந்து சப்பாத்துவரை ஒரு கோடு ஓடும். நல்ல தொழிற்சாலையில் அது மயிரிழை. எம்மவரிடத்திலோ வரம்புபோல எழுந்து நிற்கும். சிலருக்குத் துவக்கிற்கும் நாடிக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்று வெட்டப்படாமலே விடப்பட்டிருக்கும். மை பூசினால் இப்பொருளிற் பற்றாது; சில நாளில் உரிந்துவிடும். வளைந்த துவக்கைச் சுடுநீரில் தோய்த்து நிமிர்த்தி உடனே குளிர்நீரில் இட்டால் நேராய் நிற்கும். இவ்வித்தையை எமக்குக் கற்பித்தவர் விடுதிச் சமையற்காரர்.

பிறர் செய்த பொம்மையொன்றை விலைக்கு வாங்கி, அதனையே மூலமாகக் கொண்டு புது அச்சு வெட்டுவது இவ்வணிகத்தில் வழக்கமாயிருந்தது. பிளாஸ்ரிக் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவிலே சுருங்கும். ஆதலின் படியெடுத்தவன் மூலத்தவனிற் சிறியன்; அவனைப் பார்த்து எடுக்கப்பட்டவன் அவனினும் சிறியன். எம்மிடம் நின்றபடியே குறிபார்க்கும் வீரர் எழுவர் உளர். யாவரும் ஒரே நிலையினர். முதல்வர் 54 மில்லிமீற்றர். கடைசியில் நிற்பவர் 48. முதல்வரின் சட்டைப்பையில் பொத்தான் உண்டு. மூன்றாமவரிடம் பையின் சுவடு மாத்திரம் உண்டு. ஏழாமவருக்கு முகமே இல்லை. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு ஆண்டுகளில் வாங்கிய இவ்வெழுவரையும் ஒரு வரிசையில் நிறுத்தி உண்மையைக் கண்டுகொண்ட இரவிலே யாம் உறங்கவில்லை. பிற்காலத்தில் பெற்ற பட்டம் எதுவும் அத்துணை மகிழ்ச்சி தந்ததாக நினைவில்லை.

விடுதியில் அடுத்த கட்டிலிற் கிடந்த நண்பரும் இப்பித்துப் பிடித்தவர். கந்தசட்டி வந்தால் கட்டிலுக்குக் கீழே சூரன்போர் நடக்கும். வேலுக்குப் பதிலாகத் துவக்குப் பிடித்த முருகனை நண்பர் ஏற்றுக்கொள்ளாமையால், ஈர்க்கினால் ஒரு வேல் செய்யவேண்டியதாயிற்று. திமிலில்லாத சீமைப் பசுவொன்று இருந்தது. மெழுகுதிரியால் அதற்குத் திமில் வைத்தோம். இவ்வாறு ஒற்றுமையாயிருந்த எமக்கிடையே பண்டமாற்றும் உண்டு. எம்மிடம் கண்ணிவெடி தேடும் வீரன் ஒருவன் இருந்தான். நீண்ட தடியின் நுனியில் வட்டத்தட்டைத் தாங்கி, தலைகுனிந்து நிலத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். சுடமாட்டான், பாயமாட்டான், சூரன்போரிலே எப்பக்கத்திற்கும் உதவான். ‘கூட்டுமாறுகாரன்’ என்று அவனுக்குப் பெயரிட்டிருந்தோம். 1964இலே, தோளிற் குழற்பீரங்கி தாங்கிய ஒருவனுக்காக அவனை நண்பரிடம் கொடுத்துவிட்டோம். நல்ல வியாபாரம் செய்ததாகவே எண்ணினோம்.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் பொம்மை வரவு நின்றது. 1977க்குப் பின் மீண்டும் வந்தபோது யாம் உத்தியோகத்தில் இருந்தோம். சம்பளத்தில் பொம்மை வாங்குவதை மறைக்க வேண்டியதாயிற்று.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எம் கைப்பையிலே காணி உறுதிகளும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளும் இப்பேணியும் இருந்தன. மழைக்குள்ளே இதனைக் கண்ட மனைவியார், “இஞ்சேருங்கோ, வெளியில நிக்கிற ஆமி காணாதெண்டே பைக்குள்ளயும் கொண்டு வாறியள்?” என்றார். மறுமொழி கூற எமக்கு வாயில்லை.

அடுத்த ஆண்டு வீடு திரும்புகையில் சோதனைச் சாவடி ஒன்றில் பேணி திறக்கப்பட்டது. இருபது வயதும் நிரம்பாத காவலர் ஒருவர் உள்ளே நெடுநேரம் பார்த்தார். பின்பு முழந்தாளிட்டிருந்த ஒருவனை எடுத்து மேசைமேல் நிறுத்தினார், விழுந்தான், மீண்டும் நிறுத்தினார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். யாம் தலையசைத்தோம். பேணி மூடப்பட்டு எம் கைக்கு வந்தது. மேசைமேல் நின்றவன் வரவில்லை. அவர் கேட்டது இன்னதென்று இன்றும் எமக்குத் தெரியாது. கொடுத்தோமா, விட்டுவந்தோமா என்பதையும் துணியமுடியவில்லை. பட்டியற் புத்தகத்தில் அவ்விடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.

போர் 2009இல் முடிந்தபின் கண்டி வீதியாற் பலமுறை பயணஞ் செய்தோம். முகமாலையிலே, சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளுக்கு அப்பால், தலையற்ற பனைகளின் நடுவே கண்ணிவெடி அகற்றுவோர் வேலை செய்துகொண்டிருந்தனர். பெண்கள் பலர். முகத்திலே கண்ணாடித் தடுப்பு, கையிலே கருவி, தலை குனிந்தபடி. ஒரு மீற்றர் நிலத்தைக் கடக்க அவர்கள் எடுத்த நேரத்தில் எமது பஸ் பளையை எட்டிவிடும். சாளரத்தோரம் இருந்த யாம் அவர்கள் நின்ற நிலையை உடனே அறிந்துகொண்டோம். அஃது எமக்கு ஏலவே பழக்கமானது.

அன்று முதல் கூட்டுமாறுகாரனைத் தேடுகிறோம். கொழும்பிலே நடைபாதைக் கடைகளில் பச்சை வீரர் பைகளில் தொங்குவதுண்டு. அவ்வகையினருள்ளும் கண்ணிவெடி தேடுவோன் சிலவேளை இருப்பான். அவன் வேறு அச்சினன், தடி குறுகியது, முகம் நிமிர்ந்திருக்கும். எம்முடையவனின் பீடத்திலே இடப்பக்க மூலையொன்று எமது பல்லாற் கடிபட்டிருக்கும். நண்பர் 1980களில் கடல்கடந்தார். கடிதமும் பின்பு நின்றுபோயிற்று.

இம்மலர் பல நாடுகளிலுமுள்ள பழைய மாணவர் கைக்குச் செல்லும் என்று மலராசிரியர் கூறுகின்றார். நண்பர் இதனைக் காண்பாராயின், அல்லது வேறெவர் வீட்டுப் பரணிலேனும் அவ்வீரன் கிடப்பானாயின், பீடத்திலிருந்து தலைச்சீராவரை அளந்து அறிவித்தல் வேண்டும். 54 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். பண்டமாற்றுக்கு அக்குழற்பீரங்கி வீரனையும், அவனோடு வேண்டுவார் வேண்டும் எவரையும் தரச் சித்தமாயிருக்கிறோம். திமில் வைத்த பசுவை மாத்திரம் தருவதற்கில்லை.