பரமேஸ்வராச் சந்தியில் நான்கு நாள்

நாற்பது வருஷங்களுக்கு மேலாகக் கனடா தேசத்தில் வாசஞ்செய்துவிட்டு, தங்கையின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும், இனியும் ஒரு சாக்குச் சொல்லித் தப்பலாகாது என்று தீர்மானித்து, சென்ற பங்குனியில் நான் ஊருக்குப் பிரயாணமானேன். கொழும்புக் கோட்டையில் விடியற்காலை ரயிலேறியதும், 1990 முதல் 2014 வரை ரயிலையே காணாதிருந்த பாதையின் வழியே யாழ்ப்பாணம் வந்திறங்கியதும், மேடையிலே தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றதும் குடும்பக் காரியங்கள். அவற்றை விஸ்தரிக்க எனக்கு விருப்பமில்லை. எழுத முற்பட்டது பல்கலைக்கழகத்தை அடுத்த பரமேஸ்வராச் சந்தியிலே கண்ட வைபவத்தை.

பட்டமளிப்பு விழா என்றால் ஒரு பகற்பொழுதில் முடிந்துவிடும் சடங்கு என்றே நான் எண்ணியிருந்தேன். இப்போதோ அது நாட்கணக்கில், காலையும் மாலையும் அமர்வு அமர்வாக நடைபெறுகிறது. அந்த நாட்களில் இராமநாதன் வீதியின் மதிலோரம் முழுவதும் பூச்செண்டு விற்பவர்கள் வரிசை பிடித்துவிடுகிறார்கள். முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு என்று நாலா திசையிலிருந்தும் இரவெல்லாம் ஓடி வந்த வான்களிலிருந்து, பட்டுவேட்டி கசங்கிய தகப்பன்மாரும், கைக்குழந்தையோடு அக்காமாரும், ஒருவர் தோளைப் பிடித்து ஒருவர் இறங்கும் பாட்டிமாரும் வந்து குவிகிறார்கள். ஒசரி கட்டிய சிங்களத் தாய்மாரும், தொப்பியணிந்த முஸ்லிம் பெரியவர்களும் தங்கள் பிள்ளைகளைத் தேடி அதே படலையடியில் அதே வெயிலில் காத்துநிற்பதைக் கண்டபோது, என் மாணவப் பருவத்தில் கற்பனைக்கும் எட்டாதிருந்த ஒரு காட்சி கண்முன்னே நிற்கிறதென்று உணர்ந்து சற்று நேரம் அசையாது நின்றுவிட்டேன்.

யாழ்ப்பாணத்தார் பட்டத்தின்மேல் வைத்திருக்கும் பிரீதியைச் சிலர் உத்தியோக மோகம் என்று சுருக்கிச் சொல்வதுண்டு. அந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதமானதன்று. சென்னைச் சர்வகலாசாலை 1857இல் தாபிக்கப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியின் வழி வந்த எங்கள் ஊரவர்கள். அவர்களுள் சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரம்பிள்ளை, உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஏடு தேடி அலைந்து, கலித்தொகையை 1887இல் முதன்முதலாக அச்சேற்றிய மகானுபாவர். அத்தகைய பூமிக்குச் சொந்தமாக ஒரு சர்வகலாசாலை வளாகம் கிடைக்க 1857இலிருந்து 117 வருஷம் சென்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தம் பொருளைச் செலவிட்டுத் திருநெல்வேலியிலே தாபித்த பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களிலேதான் 1974இல் பேராசிரியர் கைலாசபதியின் தலைமையில் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமாயிற்று. விஞ்ஞான பீடத்தார் தொடக்கத்தில் வட்டுக்கோட்டையிலே படித்தார்கள். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாக உயர, பேராசிரியர் வித்தியானந்தன் துணைவேந்தரானார். இராமநாதன் கட்டுவித்த சிவன் கோயில் இன்றும் வளாகத்தின் உள்ளேதான் இருக்கிறது. பரீட்சைக்குப் போகுமுன் அதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நிற்காத மாணவரை நான் கண்டதில்லை.

நான் அந்த ஆரம்ப காலத்து மாணவன். 1983ஆம் வருஷத்து இனக்கலவர அனர்த்தங்களுக்குப் பின் இறுதிப் பரீட்சையை எழுதி முடித்து, பெறுபேறு வருமுன்னரே ஊரைவிட்டுப் புறப்பட்டேன். அங்கி தரித்து மேடையேறும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. என் பட்டப் பத்திரத்தை ஐயாதான் பின்னொரு நாளில் சைக்கிளிலே போய்ப் பதிவாளர் காரியாலயத்தில் வாங்கிவந்தார். 1987 ஒக்டோபரில் பல்கலைக்கழகத்து மைதானத்தில் ஆகாயத்திலிருந்து இந்தியப் படை இறங்கிய இரவிலும் அது வீட்டில் இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில், போர் நெருங்கிவர, ஊர் முழுவதும் ஒரே இரவிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மா ஒரு பொலித்தீன் பையில் மூன்று பொருள்களை மாத்திரம் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாளாம்: காணி உறுதி, தங்கையின் பிறப்பு அத்தாட்சி, என் பட்டப் பத்திரம். இதை நான் அறிந்தது இம்முறைதான். தங்கை அந்தப் பத்திரத்தை எடுத்து என் முன்னே விரித்தாள். நான்காக மடித்த மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. ஓரத்தில் மழைத்தண்ணீர் ஊறிய பழுப்புக் கறை.

விழாவன்று காலை மருமகளுக்கு அங்கி சரியாக அமையவில்லை. பட்டுச் சேலையின் வழவழப்பில் அது தோளைவிட்டு வழுக்கிக்கொண்டேயிருந்தது. தங்கை நாலைந்து ஊசிகளை வாயிலே கவ்விக்கொண்டு, அங்கியையும் சேலையையும் சேர்த்து உட்பக்கமாகக் குத்தி, தூர நின்று பார்த்து, திரும்பவும் கழற்றிக் குத்தினாள். "அம்மா, காணும், நேரம் போகுது" என்று பிள்ளை பரபரக்க, "ஒருக்காத்தான் போடப்போறாய், வடிவாய் நில்லு" என்றாள் தங்கை. ஒரு பட்டதாரிக்கு இரண்டு அழைப்பு அட்டைகளே வந்திருந்தன. மைத்துனர் தம்முடையதை எடுத்து என் சட்டைப் பையில் வைத்து, "அண்ணை, நீங்கள் போங்கோ. உங்கட விழாவையும் நீங்கள் பாக்கேல்லைத்தானே" என்றார். பெற்ற தகப்பன் வெயிலில் வெளியே நிற்க நான் உள்ளே போவதா என்று எவ்வளவோ மறுத்தும் அவர் கேட்கவில்லை.

மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் முன்செல்ல, வேந்தர், துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவையினர் என்று ஊர்வலம் உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம். குத்துவிளக்கேற்றி, பீடாதிபதி தம் மாணவரை வேந்தர்முன் நிறுத்த, பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மையார், ஈரத்துணியிற் பொதிந்த மல்லிகை மாலையொன்றை மடியில் வைத்து, இடையிடையே விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்தவர். "உங்கட பிள்ளையோ?" என்று விசாரித்தார். மருமகள் என்றேன். "எனக்கு மிஞ்சினவன் இவன் ஒருத்தன்தான். செட்டிகுளத்து அகதி முகாமிலை, கூடாரத்துக்குள்ளதான் நாலாம் வகுப்புப் படிச்சவன்" என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மகனுடைய பெயர் வாசிக்கப்பட்டபோது அவர் கைதட்டவில்லை. மாலையை இரண்டு கையாலும் பிடித்தபடி எழுந்து நின்றுகொண்டார்; பின்வரிசையில் இருந்தவர்களும் மறைக்கிறதென்று சொல்லவில்லை. என் மருமகள் மேடையேறியது அதன்பின் வெகுநேரங்கழித்து.

தங்கப் பதக்கங்கள் பல, காலஞ்சென்ற தாய் தந்தையர் பெயரால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் நிறுவியவை என்று அறிந்து சந்தோஷமடைந்தேன். ஆனால் ஒன்றை மறைப்பது நியாயமாகாது. இந்த அங்கியைத் தரித்த பிள்ளைகளே பிற்பாடு வேலையற்ற பட்டதாரிகள் என்ற பதாகையின்கீழ் மாதக்கணக்காக வீதியோரம் குந்தியிருந்ததையும் இதே ஊர் பார்த்திருக்கிறது. பதக்கம் நிறுவத் தெரிந்த நாம், அந்தப் பிள்ளைகள் வேலைசெய்ய ஓரிடத்தை நிறுவவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அமர்வு முடிந்து வெளியே வந்தால், சிவன் கோயில் முன்றலில் படம் பிடிப்போர் நெருக்கம். மைத்துனர் வாடிய பூச்செண்டோடு வேம்பின் கீழே நின்றார். அங்கியோடு ஒரு பையன் எங்களிடம் வந்து, "ஐயா, ஒரு படம் எடுத்துத் தருவீங்களோ?" என்று கைத்தொலைபேசியை நீட்டினான். கூட யாரும் வரவில்லையா என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையசைத்தான். என் தங்கை ஒரு வார்த்தையும் பேசாமல் போய் அவன் பக்கத்தில் நின்றாள். மைத்துனர் அவன் கையில் பூச்செண்டைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் நின்றார். நான் படம் எடுத்தேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கென்று விடுமுறை சேர்த்து வருகிற நம்மவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒரு வருஷமாவது இந்த நாட்களில் வாருங்கள். அழைப்பு அட்டை கிடையாவிட்டாலும் பாதகமில்லை. கோயில் முன்றலுக்கு அட்டை வேண்டாம். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒருவருமில்லாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.