நகரும் வீடும் நகராத நிலமும்

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்மை தீமைகளைச் சீர்தூக்கி எழுதும் கட்டுரையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். சென்ற பள்ளி விடுமுறையில் என் தம்பியே அப்படியொரு தலைப்புடன் வந்து நின்றான்.

“அக்கா, கேபின் வீடு ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?”

இரும்புச் சட்டத்தில் பலகைகளைப் பொருத்திப் பட்டறையிலேயே கட்டி முடித்து, லாரியில் ஏற்றி வந்து இறக்கும் வீடுதான் கேபின் வீடு. நம் நாட்டில் தங்கும் விடுதிகளாகவும், பழத்தோட்டங்களில் ஓய்வு இல்லங்களாகவும் இவற்றைக் காண்கிறோம். இப்போது குடியிருக்கவும் வாங்குகிறார்கள்.

முதலில் நன்மைகளை எண்ணினோம். வரிசை வீட்டின் விலையில் சிறு பகுதியே ஆகும். சில மாதங்களில் வீடு கைக்கு வந்துவிடும். முன்பணம் கட்டிய வீடமைப்புத் திட்டம் பாதியில் கைவிடப்படுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மாதந்தோறும் வாடகை கட்டிச் சலித்த என் தம்பிக்கு இவையெல்லாம் பெரிய ஆறுதல்கள்.

தீமைகளும் உண்டு. நண்பகல் வெயிலில் இரும்புக்கூரை கொதிக்கும்; வெப்பத்தடுப்பு சரியாக இல்லையெனில் குளிர்சாதனச் செலவு கூடும். நம் மழைக்குத் துருப்பிடிக்கும். வங்கிகள் வீட்டுக்கடனை நிலத்தின் மீதான அடைமானத்தைக் கொண்டே கொடுக்கின்றன. நிலமில்லாத கேபினுக்குப் பெரும்பாலும் தனிநபர் கடன்தான். வட்டியும் அதிகம், தவணைக் காலமும் குறைவு. மேலும், வீட்டின் விலை ஏறுகிறது என்கிறோமே, பெரும்பாலும் ஏறுவது நிலத்தின் விலைதான். கேபினோ காரைப் போல ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிழக்கும்.

“சரி, எங்க இறக்கப் போற?” என்று கேட்டேன்.

“கூட்டாளி நிலத்துலக்கா. சும்மாதான் கெடக்குது. வாய்வார்த்தைதான், அவன் ஒன்னும் சொல்ல மாட்டான்.”

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. 1994-இல் நாங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டம் கைமாறியது. கிடைத்த இழப்பீட்டைக் கொண்டு அப்பா அரசாங்க நிலத்தில் ஒரு பலகை வீட்டைக் கட்டினார். அந்நிலத்திற்குத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே இருந்தது. வழக்கில் அதை டி.ஓ.எல். என்போம். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, ரசீதைப் பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்துவார். அந்தத் தாளை அவர் நிலப்பட்டாவாகவே நம்பினார்.

2004-இல் அப்பா காலமானார். மறுஆண்டு சனவரியில் அம்மாவுடன் கட்டணம் செலுத்தச் சென்றேன். பணத்தை வாங்க மறுத்தார்கள். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அவ்வுரிமம் அந்த ஆண்டு முடிவோடு காலாவதியாகும். பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அவரோடு முடிந்துவிடும். பயிற்சிக் கல்லூரியில் படித்து ஆசிரியையான நானும் அத்தாளை ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. அந்தக் குற்றவுணர்வு இன்றும் உண்டு.

பலகை வீட்டைப் பிரித்தெடுக்க ஒரே நாள்தான் ஆனது. அதுவும் ஒரு வகையில் நகரும் வீடுதானே! ஆனால், பிரித்ததை மீண்டும் ஊன்ற எங்களுக்கு இடமில்லை. பலகைகளையும் தகரத்தையும் 600 வெள்ளிக்கு விற்றோம். தம்பிக்கு அப்போது 14 வயது. அவன் எதையும் மறந்திருக்க மாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன்.

“கேபின் வாங்குவதில் தவறில்லை. முதலில் நிலத்தைப் பற்றிக் கேள்” என்றேன். பட்டா யார் பெயரில் உள்ளது? அது விவசாய நிலமா, கட்டட நிலமா? நகராண்மைக் கழகம் அனுமதிக்குமா? கூட்டாளி இறந்தாலோ நிலத்தை விற்றாலோ என்ன ஆகும்? 3 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். அவன் முகம் வாடியது. “அப்பா வீடு மாதிரி ஆயிடும்னு சொல்றீங்களா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். முன்பணத்தை இன்னும் கட்டவில்லையாம். குத்தகையைப் பதிவு செய்யலாமா என்று கூட்டாளியிடம் கேட்டிருக்கிறான். அவர் யோசித்துச் சொல்வதாகக் கூறினாராம். வாய்வார்த்தைக்கும் தாளுக்கும் உள்ள தூரம் அவனுக்குப் புரிந்திருக்கும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கக்கூடும். பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அதிலுள்ள தாள்களை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். நாம் கற்றுக்கொடுக்கும் வாசிப்பு அதற்கும் பயன்படட்டும்.