சித்தியின் டிசைன் கட்டு

பெரிய பரீட்சை லீவு விட்டதும் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். நாகர்கோவிலுக்குத் தெற்கே, தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு. எண்பதுகளின் தொடக்கம். மத்தியானம் அந்தத் தெருவில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை யாராவது ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார்கள். 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். பிறகு எம்பிராய்டரியும் சேர்ந்துகொள்ள, அது பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிலானது.

சித்திக்கும் அதுதான் பிழைப்பு. ஏஜென்ட் கொண்டுவரும் மேசைவிரிப்புகளுக்கு ஆண்டு முழுக்கப் பூப்போடுவாள். துணி அவர்களுடையது, நூல் அவர்களுடையது, டிசைனையும் அவர்களே பதித்துக் கொடுத்துவிடுவார்கள். ஓர் இதழைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. லீவுக்கு வரும் எனக்கென்று ஒரு தலையணை உறை தைப்பாள். அதற்கு மட்டும்தான் டிசைன் அவள் இஷ்டம். அதனால்தானோ என்னவோ, அந்த ஒரு வேலையில் அவளிடம் அவசரமே இருக்காது. டிசைன் தேறுவதற்கே ஒரு மத்தியானம் போய்விடும்.

டிரங்குப் பெட்டியிலிருந்து கட்டு வெளியே வரும். பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருப்பாள். பெரும்பாலும் பட்டர் பேப்பர்கள். நடுவே பத்திரிகைகளிலிருந்து கிழித்த பக்கங்கள், ரோஜா அச்சிட்ட ஒரு கல்யாணப் பத்திரிகை, கோலநோட்டின் தாள்கள். ஓரத்தில் பென்சிலால் ‘மேலவீட்டு மயினி தந்தது’ என்கிற மாதிரிக் குறிப்புகள். அந்தத் தெருப் பெண்கள் டிசைன்களை இரவல் வாங்கிப் படியெடுத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரே கொடி நாலு வீட்டுத் தலையணையில் நாலு நிறத்தில் கிடக்கும்.

நான் எடுத்த எடுப்பில் மயிலை உருவுவேன். தோகை விரித்த பெரிய மயில்.

“இது எதுக்கு மக்களே? சுவருல மாட்டவா, தல வச்சுப் படுக்கவா?”

“படுக்கத்தான்.”

“அப்பம் தோகைக்கண்ணுல போடுத நூல் நீளநீளமா கெடக்குமே. கம்மல் மாட்டிச்சுன்னா இழுத்துட்டு வந்துரும்லா?”

மயிலை மறுபடி கட்டில் வைக்கமாட்டாள். என் பக்கத்திலேயே வைப்பாள், பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று. அடுத்து சூரியகாந்தியை எடுத்தால், நடுவட்டம் முழுக்கப் பிரெஞ்ச் நாட். கன்னத்தில் முடிச்சு முடிச்சாக அழுந்தும். கிராஸ் ஸ்டிட்ச் கிளிகளுக்கு இழை எண்ணித் தைக்கிற மேட்டித் துணி வேண்டும். எங்களிடம் இருந்தது நெருக்கமாக நெய்த பாப்ளின். இப்படி ஒவ்வொன்றாக விலக விலக, டிசைன் பார்ப்பது என்பது துணியைத் தொட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறது என்று எனக்கு விளங்கிற்று. சித்தி அதைப் பாடமாக ஒருநாளும் சொன்னதில்லை.

அப்புறம் நூல். ஏஜென்ட் வேலைக்குத் தந்ததில் அவள் பங்குக்கு மிஞ்சிய ஆங்கர் நூல்களைப் பாயில் பரப்புவாள். ஒரு முழுக் கட்டு 8 மீட்டர். ஆறு இழை சேர்ந்தது. காம்புக்கு இரண்டு இழை, இதழுக்கு மூன்று என்று பிரித்தால் எது எவ்வளவு வரும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவாள். சிவப்பு என்றால் ஈரப் பஞ்சில் ஒரு நுனியை அழுத்திப் பார்ப்பாள். பஞ்சு சிவந்தால் அந்த நூல் அன்றைக்கு வேண்டாம்.

கடைசியில் ஒரு மூலைக்கு மட்டும் பிச்சிக்கொடி என்று முடிவானது. லேஸி டெய்ஸியில் பூ, காம்புத் தையலில் கொடி. மயிலுக்காக முகம் தொங்கிய எனக்காக, கொடியின் வளைவில் ஒரு சிறு குருவியை அவளே வரைந்து சேர்த்தாள். அந்தக் குருவி எந்தத் தாளிலும் இருந்ததல்ல. வரைந்துவிட்டுத் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாளே, அந்த முகத்தை ஏஜென்ட் துணியின் முன்னால் நான் கண்டதே இல்லை.

டிசைன் எடுப்பது எனக்குப் பிடித்த வேலை. மடித்த ஜமுக்காளத்தின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, கோட்டின் மேல் மெல்லிய ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போகவேண்டும். இடைவெளி கூடினால் வளைவு உடைந்துவிடும். ரொம்ப நெருங்கினால் தாள் கிழியும். பிறகு தாளைத் துணியின் மேல் குண்டூசியால் நிறுத்தி, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சில் தொட்டு மேலே தேய்ப்பாள். தாளைத் தூக்கினால் துணியில் நீலப் புள்ளிகளாகக் கொடி, பூ, குருவி. மண்ணெண்ணெய் வாடை போக வெயிலில் போடுவோம். ஊசி கோப்பது அதற்கப்புறம்தான்.

இப்போது செல்போனில் ஆயிரம் டிசைன் கிடைக்கிறது. கிடைக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு தெரு முழுக்கக் கைமாறி, துணிக்கும் ஆளுக்கும் தக்கபடி இலையும் குருவியும் கூடிவந்த டிசைன்கள் அந்தப் பட்டர் பேப்பர்களில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவோ ஆச்சியோ வைத்துவிட்டுப் போன கட்டு கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். தாள் பழுத்திருந்தாலும் துளைகள் அடைபடாமல் இருந்தால் இன்றைக்கும் அதிலிருந்து டிசைன் எடுக்கலாம்.