அறுவடைக்கும் பயறு பூப்பதற்கும் நடுவே ஒரு மலைப் பயணம்

கோட்டுச்சேரியில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் மலை தெரியாது. மேற்கே வயல், கிழக்கே கடல். நம் பக்கத்தில் உயரம் என்றால் கோயில் கோபுரமும் ஆற்றங்கரையும்தான். ஆனாலும் மலைமேல் உள்ள ஆசை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்தே கயிலை ஏறினார் என்கிறது பெரியபுராணம். இன்றும் வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை என்று நம் ஊர்களிலிருந்து குழுவாகக் கிளம்பிப் போகிறார்கள்.

எந்த மாதம் போவது என்பதில்தான் சிக்கல். பயறும் எடுத்து, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் விட்டபின் சித்திரையில் போகலாம் என்று தள்ளிவைப்பது நம் வழக்கம். நமக்கு அது ஓய்வுக் காலம்; மலைக்கு அது ஆபத்தான காலம்.

மலையின் பட்டம்

நமக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் பல இடங்களில் வடகிழக்கு மழையும் சேர்ந்துகொள்ளும். ஆனி முதல் கார்த்திகை வரை பாறை வழுக்கும், அட்டை கடிக்கும், ஓடைகளில் திடீரென வெள்ளம் வரும். மாசிக் கடைசியில் புல் காய்ந்து, பங்குனி, சித்திரையில் காடே சருகாகக் கிடக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே, மார்கழிக் கடைசி முதல் மாசித் தொடக்கம் வரைதான் நல்ல காலம். மழை நின்றிருக்கும், சுனையில் தண்ணீர் இருக்கும், புல்லில் பச்சை மிச்சமிருக்கும்.

தீயும் வெள்ளமும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். வயலில் தாள் எரிவதை நாம் பார்த்திருக்கிறோம். சமதளத்தில் வரப்பைத் தாண்டி ஓடித் தப்பிக்கலாம். சரிவில் அப்படி முடியாது. சுவாலை மேல்நோக்கிச் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே ஏறும். மனிதன் மேட்டில் ஏறும் வேகத்தைவிட அதன் வேகம் அதிகம்.

அந்த விபத்துக்குப் பிறகு அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீ காலம் என்று அவற்றை நிறுத்திவைத்தார்கள். இந்தத் தேதிகளை நாமும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கோடை மழையையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் பெய்த மழை ஓடையில் இறங்கிவிடும். தண்ணீர் கலங்கி வந்தால் கடக்காமல் இருப்பதே புத்தி.

நம் வயலின் பட்டம்

கடைமடையான நமக்குச் சம்பா அறுவடை தையில் வரும். அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்துவிடுகிறோம். அது மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் வளரும். விதைத்து ஏறக்குறைய 30 நாளில் பூக்கும்போதுதான் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கும் வேலை வரும்.

ஆக, நெல்லை ஏற்றி, வைக்கோலைப் போர் போட்டபின் பத்து, பன்னிரண்டு நாள் இடைவெளி கிடைக்கிறது. பெரும்பாலும் அது பிப்ரவரி முதல் பாதியில் விழும். மலையின் நல்ல காலமும் அதுதான். மாடு, ஆடு பயறில் இறங்காமல் பார்க்க வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். கோடைப் பருத்தி போட்டவர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காது. அவர்கள் அவசரப்பட்டுச் சித்திரையில் போவதைவிட, அடுத்த மார்கழிக் கடைசியில், அறுவடைக்கு முன் நாலு நாள் ஒதுக்கலாம். வங்கக்கடலில் தாழ்வு நிலை இல்லையே என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

எங்கே போகலாம்?

வெள்ளியங்கிரிக்கு பிப்ரவரி முதல் மே வரை அனுமதி தருவது வனத்துறையின் வழக்கம். மயிலாடுதுறையிலிருந்து ஜன் சதாப்தி ரயிலில் கோவை போய், அங்கிருந்து பூண்டிக்குப் பேருந்து பிடிக்கலாம். ஏழு மலையும் ஏறி இறங்க ஒரு நாள் பாடு. உச்சி சுமார் 6,000 அடி. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி கணக்கில் குளிர் கூடும் என்பதால், நம் கடற்கரையைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். காற்றும் அடிக்கும். கம்பளியும் மூங்கில் தடியும் அவசியம். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. ஏறும் வழியிலேயே உயிரிழந்தவர்கள் உண்டு.

வெள்ளியங்கிரியில் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் ஏறாத வழக்கம் இருப்பதால், குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கொல்லிமலை ஏற்றது. 70 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டினால் அறப்பளீஸ்வரர் கோயில். பக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்பி ஏறும்போதுதான் கால் பேசும். மிளகும் சாமையும் விளையும் நிலங்களை அங்குள்ள விவசாயிகளோடு பேசிப் பார்த்துவரலாம்.

சமதளத்திலேயே நடந்து பழகிய கால் நம்முடையது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடங்கள். படிக்கட்டு கிடைத்தால் ஏறி இறங்குங்கள். விடியுமுன் ஏறத் தொடங்கி, இருட்டுமுன் அடிவாரம் சேருங்கள். காட்டில் பீடி, தீப்பெட்டி வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் அனுமதித் தேதி மாறக்கூடும் என்பதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் அறுவடை தள்ளிப்போய் மாசி பாதி ஆகிவிட்டால், மலை எங்கேயும் போய்விடாது. அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம்.